‘அதுதான்’, ‘அது மாதிரி’: மூளை மின்தூண்டலில் ஒரு வலிப்பு நோயாளி

இந்த ஆய்வில் வரும் நோயாளி தனியொரு மனிதர் அல்லர். வலிப்பின் இடத்தை அறிய மூளைக்குள் மின்முனை செலுத்திப் பார்க்கும் ஆழ் மின்முனை மதிப்பீட்டுக்கு வருவோரிடம் வழக்கமாகக் காணப்படுபவற்றை ஒருவர்மேல் ஏற்றி, யாருடைய அடையாளமும் வெளிப்படாதபடி அமைத்த நிகழ்வு இது. மின்னோட்ட அளவுகளும் நடைமுறைகளும் இத்துறையில் கையாளப்படுபவையே.

நோயாளியும் கேள்வியும்

நோயாளி 31 வயதுப் பெண். வலக்கைப் பழக்கம் உள்ளவர். மொழி கற்பிக்கும் ஆசிரியை. 17 வயதில் தொடங்கிய வலிப்பு, மாதத்துக்கு நான்கைந்து முறை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் தொடக்கம் ஒன்றுதான். எதிரே நடந்துகொண்டிருப்பது அப்படியே முன்பும் நடந்தது போன்ற அழுத்தமான உணர்வு எழும். அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலேறி வரும். பிறகு பார்வை நிலைகுத்தி, வாய் மெல்லத் தொடங்கி, வலக்கை முறுக்கிக்கொள்ள, இடக்கை போர்வையையோ சட்டை நுனியையோ துழாவும். சுயநினைவு திரும்பிய பின்னும் சில நிமிடங்களுக்குப் பொருள்களின் பெயர் வாயில் வராது. இத்தனை அடையாளங்களும் மூளையில் காதையொட்டி உட்புறம் இருக்கும் இடது டெம்போரல் மடலையே சுட்டின. மொழியும் அந்தப் பக்கமே குடியிருக்கிறது என்பதற்கு, பெயர் வராமல் போன அந்தச் சில நிமிடங்களே முதல் சான்று.

சரியாகத் தேர்ந்து, தாங்கும் அளவில் தரப்பட்ட இரண்டு மருந்துகள் பலனளிக்காவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கொள்ள வேண்டும் என்பது வலிப்பு நோய்க்கு எதிரான பன்னாட்டுக் கழகம் 2010-இல் வகுத்த வரையறை. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்த வகையினர். இவர் நான்கு மருந்துகளைக் கடந்து வந்திருந்தார். எம்ஆர்ஐ படத்தில் பழுது எதுவும் தெரியவில்லை. பெட் ஸ்கேனில் இடது டெம்போரல் மடலின் முன்பகுதி குளுக்கோசைக் குறைவாக எடுத்துக்கொண்டது. தலைமேல் பதிவான இஇஜி (மூளை மின்னலைப் பதிவு) இடப்பக்கம் என்று சொன்னதே தவிர, அதற்குமேல் துல்லியம் தரவில்லை. நினைவுச் சோதனையில் சொற்களை நினைவில் வைக்கும் திறன் சராசரிக்கு மேல் இருந்தது.

கேட்பதற்கு நல்ல செய்திபோல் இருக்கும் இந்தக் கடைசி முடிவுதான் எல்லாவற்றையும் சிக்கலாக்கியது. டெம்போரல் மடலின் உட்புறத்தில் புது நினைவுகளைப் பதிக்கும் பகுதி ஹிப்போகாம்பஸ். சுருங்கித் தழும்பேறிய ஹிப்போகாம்பஸை அகற்றும்போது நோயாளி இழப்பது குறைவு, ஏனென்றால் அது முன்பே பெரும்பாலும் செயலிழந்திருக்கும். படத்தில் நலமாகத் தெரிகிற, சோதனையில் நன்றாக வேலை செய்கிற இடது ஹிப்போகாம்பஸை அகற்றினால் சொல் நினைவு கணிசமாகக் குன்றும் வாய்ப்பு அதிகம். ஆசிரியை ஒருவருக்கு அது வலிப்பை விடப் பெரிய இழப்பாகவும் ஆகலாம். ஆகவே வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டால் மட்டும் போதவில்லை. எந்தெந்தப் பகுதிகள் கூடி அதை வலிப்பாக்குகின்றன, அந்தக் கூட்டணியில் எதை விலக்கினால் வலிப்பு நிற்கும், விலக்கும்போது மொழியிலும் நினைவிலும் எது உடன் போகும் என்பனவே கேள்விகளாக நின்றன.

மின்முனைகள்

மண்டையோட்டில் சிறு துளைகள் இட்டு, மூளைக்குள் மெல்லிய மின்முனைகளைச் செலுத்தி, வலிப்பை உள்ளிருந்தே பதிவுசெய்யும் முறையை 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் பாரிஸின் சேன்ட் ஆன் மருத்துவமனையில் ஜான் தலேராக், ஜான் பாங்கோ ஆகிய இருவரும் உருவாக்கினார்கள். இன்று பயன்படும் மின்முனையின் விட்டம் 0.8 மில்லிமீட்டர், அதன்மேல் 2 மில்லிமீட்டர் நீளத் தொடுபுள்ளிகள் 1.5 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இருக்கும். இவருக்கு இடப்பக்கம் 11, ஒப்புநோக்க வலப்பக்கம் ஒன்று என 12 மின்முனைகள் பொருத்தப்பட்டன. ஹிப்போகாம்பஸின் முன்பகுதியும் பின்பகுதியும், அமிக்டலா (உணர்ச்சிகளோடு தொடர்புடைய சிறு பகுதி), அதன் அருகிலுள்ள என்டோரைனல் புறணி (புறணி என்பது மூளையின் மேலடுக்கு; அதில் ஹிப்போகாம்பஸுக்கு வாயில் போன்ற பகுதி இது), டெம்போரல் மடலின் முனை, அடிப்புறம், வெளிப்புறம், இன்சுலா (பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் புறணி), நெற்றி மடலின் அடிப்பகுதி ஆகியவை இடப்பக்கத்தில் எட்டப்பட்டன. மின்முனை போகாத இடத்தைப் பற்றி இந்த முறை ஒரு சொல்லும் சொல்லாது. பதிவில் முதலில் அலை தெரிந்த இடத்தையே வலிப்பின் பிறப்பிடம் என்று கருதிவிடும் பிழை அனுபவசாலிகளுக்கும் நேர்வதால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்தைப் படிப்படியாகக் குறைத்ததும் தானாக வந்த மூன்று வலிப்புகள் பதிவாயின. மூன்றிலும் வீச்சு குறைந்த, வேகமான அலைகள் ஹிப்போகாம்பஸின் முன்பகுதியிலும் என்டோரைனல் புறணியிலும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் எழுந்து, சில நொடிகளில் டெம்போரல் முனையையும் பிறகு இன்சுலாவையும் பற்றின. ‘கிட்டத்தட்ட ஒரே கணத்தில்’ என்பதோடு பதிவு நின்றுவிட்டது. அதற்கு மேல் அறிய, மூளை தானாகப் பேசும்வரை காத்திருக்காமல் அதனிடம் கேள்வி கேட்க வேண்டும். மின்தூண்டல் என்பது அந்தக் கேள்வி.

ஒற்றைத் துடிப்புகள்

முதலில் ஒற்றைத் துடிப்புகள் கொடுக்கப்பட்டன. அடுத்தடுத்த இரண்டு தொடுபுள்ளிகளுக்கு இடையே விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவான வேகத்தில் 30 துடிப்புகளைச் செலுத்தி, மற்ற எல்லாத் தொடுபுள்ளிகளிலும் எழும் எதிர்வினையைச் சராசரி எடுப்பது வழக்கம். நோயாளிக்கு இதில் எதுவும் தெரியாது. இவர் அந்த ஒரு மணி நேரமும் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. தொடுபுள்ளியின் உருளைப் பரப்பு சுமார் 5 சதுர மில்லிமீட்டர், அதாவது 0.05 சதுர சென்டிமீட்டர். 3 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை 1 மில்லி விநாடி செலுத்தினால் ஒரு துடிப்பின் மின்னூட்டம் 3 மைக்ரோகூலும். பரப்பால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 60 மைக்ரோகூலும். திசுவுக்குத் தீங்கு நேராதிருக்கப் பல மையங்கள் வைத்திருக்கும் வரம்பு 55 முதல் 60 வரை. ஆகவே 5 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால் துடிப்பின் அகலத்தை 0.5 மில்லி விநாடியாகக் குறைத்தாக வேண்டும்; இங்கு அப்படித்தான் செய்யப்பட்டது. துடிப்பின் இரு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் பாய்வதால் மின்னூட்டம் திசுவில் தேங்குவதில்லை.

ஓரிடத்தில் துடிப்பு கொடுத்தால், அதோடு நரம்பிழைகளால் இணைந்த இடத்தில் 10 முதல் 50 மில்லி விநாடிக்குள் கூரிய அலை ஒன்றும், அதன்பின் 300 மில்லி விநாடி வரை நீளும் அகன்ற அலை ஒன்றும் எழும். ரிக்கி மாத்சுமோட்டோவும் சக ஆய்வாளர்களும் 2004-இல், நெற்றி மடலின் மொழிப்பகுதியில் துடிப்பு கொடுத்து டெம்போரல் மடலின் மொழிப்பகுதிகளில் இத்தகைய அலைகளைப் பதிவுசெய்து, உயிருள்ள மனித மூளையில் மொழிப் பகுதிகள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருப்பதை நேரடியாகக் காட்டினார்கள். இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அன்டோனியோ வாலென்டினும் சக ஆய்வாளர்களும் வேறொரு எதிர்வினையைக் கவனித்திருந்தார்கள்: துடிப்புக்குப் பின் 100 மில்லி விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் இடையில், தாமதமாக, கூர்முனையோடு வெடிக்கும் அலை. இது வலிப்பு தொடங்கும் பகுதிகளிலேயே பெரும்பாலும் தோன்றியது.

இவரிடம் என்டோரைனல் புறணியில் கொடுத்த துடிப்புக்கு ஹிப்போகாம்பஸ் 15 மில்லி விநாடிக்குள் பெரிய கூரலையோடு பதிலளித்தது. டெம்போரல் மடலின் அடிப்புறம் மிதமாக, சற்றுத் தாமதித்துப் பதிலளித்தது. இன்சுலாவில் பதில் மங்கலாக இருந்தது. வாலென்டின் சொன்ன தாமத அலைகள் ஹிப்போகாம்பஸின் முன்பகுதியிலும் டெம்போரல் முனையிலும் தெரிந்தன. ஹிப்போகாம்பஸின் பின்பகுதியில் அவை இல்லை. சிகிச்சை முடிவில் இந்த ‘இல்லை’ கனமானதாக ஆயிற்று.

ஒரு நோயாளியின் எதிர்வினை இயல்பானதா, மிகையானதா என்று சொல்ல ஒப்பீடு வேண்டும். பிரான்சின் கிரெனோபிளில் இருந்து நடக்கும் எஃப்-டிராக்ட் என்னும் திட்டம், பல மையங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கிடைத்த எதிர்வினைகளைத் தொகுத்து, புறணியின் எந்தப் பகுதி எதனோடு எவ்வளவு நிகழ்தகவில் இணைந்துள்ளது என்னும் வரைபடத்தை 2018-இல் வெளியிட்டது. பயனுள்ள பணி, ஆனாலும் நலமான மூளையின் வரைபடம் நமக்கு ஒருபோதும் கிடைக்கப்போவதில்லை. நோயில்லாத ஒருவரின் மூளைக்குள் மின்முனை செலுத்த எந்த அறமும் இடம் தராது. பாதிக்கப்பட்ட பகுதிகளைக் கழித்துவிட்டு, எஞ்சியவற்றை இயல்பு என்று கொள்வதே இயலும் வழி.

உணர்வை எழுப்பும் தூண்டல்

மறுநாள் காலை, விநாடிக்கு 50 துடிப்புகள் என்னும் தொடர் தூண்டல், ஒவ்வொன்றும் ஐந்து விநாடிக்கு. மின்னோட்டம் 0.5 மில்லி ஆம்பியரில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது. கருவி நோயாளியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில் இருந்தது. இடையிடையே மின்னோட்டம் செலுத்தாமலே அதே கேள்வி கேட்கப்பட்டது. இந்த வெற்றுத் தூண்டலைச் சிலர் நேரத்தை மிச்சப்படுத்த விட்டுவிடுகிறார்கள். அப்படிக் கிடைத்த பதில்களை நான் பாதி விலைக்கே எடுத்துக்கொள்வேன். இவரே ஒரு வெற்றுத் தூண்டலின்போது “லேசாகத் தலை சுற்றுவது போல் இருக்கிறது” என்றார். நான்கு நாள் சரியான தூக்கமில்லாமல், மருந்து குறைந்த நிலையில், ஏதாவது வரும் என்று எதிர்பார்த்துப் படுத்திருப்பவருக்கு அது இயற்கை.

ஹிப்போகாம்பஸின் முன்பகுதியில் 1 மில்லி ஆம்பியர். தூண்டல் நின்ற பின்னும் எட்டு விநாடிக்கு அங்கே அலைகள் தாமாகத் துடித்தன. இவ்வாறு தொடரும் துடிப்பைப் பின்னதிர்வு என்று கொள்வோம். திரையில் அது சிறிய வலிப்பு போலவே தெரிந்தது. “ஏதாவது தெரிகிறதா, அம்மா?” என்று கேட்டதற்கு, “ஒன்றும் இல்லை, டாக்டர்” என்று புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். பின்னதிர்வு ஹிப்போகாம்பஸை விட்டு வெளியே போகவில்லை.

டெம்போரல் முனையில் 2.5 மில்லி ஆம்பியர். கையை வயிற்றின்மேல் வைத்தார். “வருகிற மாதிரி இருக்கிறது. ஆனால் அது இல்லை.” வயிற்றில் ஏறும் உணர்வு மட்டும் வந்தது, முன்பே நடந்தது என்ற உணர்வு வரவில்லை என்று பிரித்துச் சொன்னார். அப்போதே தாமாக ஒரு ஒழுங்கை வகுத்துக்கொண்டார்: முழுதாகத் தன் வலிப்பின் தொடக்கமாக இருந்தால் ‘அதுதான்’, பாதியாக இருந்தால் ‘அது மாதிரி’. எங்கள் படிவத்தில் ‘வழக்கமான முன்னுணர்வு: ஆம், இல்லை’ என்று இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தன. நோயாளியின் பிரிவினை அதைவிடக் கூர்மையாக இருந்ததால், அன்று முழுவதும் ஓரத்தில் அவருடைய சொற்களையே எழுதினோம்.

என்டோரைனல் புறணியில் 1.5 மில்லி ஆம்பியர். மூன்றாவது விநாடியில் புத்தகத்தைக் கீழே வைத்தார். கதவருகே நின்ற செவிலியரையும் கேள்வி கேட்டவரையும் மாறிமாறிப் பார்த்தார். “அதுதான். வந்துவிட்டது. நீங்கள் இதைக் கேட்டீர்கள், அவர் அங்கே நின்றார், எல்லாம் முன்பே நடந்தது.” தூண்டல் நின்ற பிறகும் ஆறு விநாடி அது நீடித்தது. அந்த நேரப் பதிவில் என்டோரைனல் புறணி, ஹிப்போகாம்பஸ், அமிக்டலா, டெம்போரல் முனை நான்கிலும் விநாடிக்கு ஐந்தாறு அலைகள் ஒன்றோடொன்று தாளம் தப்பாமல் ஓடின.

இரண்டு மணி நேரம் கழித்து, சாப்பிட்டுச் சிறிது தூங்கி எழுந்தவரிடம் அதே தொடுபுள்ளிகளில் அதே 1.5 மில்லி ஆம்பியர் மீண்டும் கொடுக்கப்பட்டது. ஒன்றும் இல்லை. என்டோரைனல் புறணியில் சிறு பின்னதிர்வு மட்டும் எழுந்து அடங்கியது. ஹிப்போகாம்பஸும் அமிக்டலாவும் சேரவில்லை. 2 மில்லி ஆம்பியருக்கு உயர்த்தியதும் நான்கு பகுதிகளும் மறுபடி ஒன்றாக ஓடத் தொடங்கின, “அதுதான்” என்றார், இம்முறை அது நிற்காமல் வழக்கமான வலிப்பாகவே முற்றி, ஒன்றரை நிமிடத்தில் தானாக ஓய்ந்தது. வலக்கை முறுக்கியது, இடக்கை போர்வையைத் துழாவியது. வீட்டில் எடுத்திருந்த காணொளியோடு ஒப்பிட்ட அவருடைய சகோதரர் வேறுபாடு காணவில்லை. அத்துடன் தூண்டல் நிறுத்தப்பட்டு மருந்துகள் பழைய அளவுக்கு ஏற்றப்பட்டன.

பெயர் வராத இடம்

மொழிப் பரிசோதனை மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வலிப்பு வந்த பிறகு சில மணி நேரம் மொழியைச் சோதித்தால் கிடைக்கும் பிழைகளில் எது தூண்டலால் வந்தது, எது களைப்பால் வந்தது என்று பிரிக்க முடியாது.

டெம்போரல் மடலின் அடிப்புறத்தில், முனையிலிருந்து சுமார் 4 சென்டிமீட்டர் பின்னால், 3 மில்லி ஆம்பியர் ஓடும்போது திறவுகோலின் படம் காட்டப்பட்டது. “பூட்டைத் திறப்பது” என்றார். விரல்களைத் திருகிக் காட்டினார். தூண்டல் நின்ற அதே நொடியில் “சாவி, சாவி!” என்று இரண்டு முறை சொல்லிச் சிரித்தார். சொன்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வதிலோ, சொற்களைப் படிப்பதிலோ தடையில்லை. ஹான்ஸ் லூடர்ஸ் குழுவினர் 1986-இல் விவரித்த அடிப்புற மொழிப் பகுதி இதுவே. அங்கே கொடுத்த ஒற்றைத் துடிப்புக்கு டெம்போரல் மடலின் பின்மேற்பகுதியும் பதிலளித்தது. என்டோரைனல் புறணியிலிருந்து புறப்பட்ட துடிப்பு இந்த அடிப்புறத்தை எட்டியதை முன்பே கண்டோம். வலிப்புக்குப் பின் பெயர் வராமல் போவது எந்த வழியாக நிகழ்கிறது என்பதற்கு இது ஒரு நியாயமான விளக்கம்.

தூண்டலைப் படித்த விதம்

வைல்டர் பென்ஃபீல்டும் ஃபனோர் பெரோவும் 1963-இல் வெளியிட்ட தொகுப்பில், டெம்போரல் மடல் தூண்டப்பட்ட 520 நோயாளிகளில் 40 பேருக்கே பழைய காட்சியோ குரலோ அனுபவமாக எழுந்தது. மூளையில் எங்கோ ஒரு புள்ளியில் நினைவு பதிந்திருக்கிறது, மின்சாரம் பட்டால் அது ஒலிக்கிறது என்னும் படிமம் அந்த 40 பேரால் பரவியது. மற்ற 480 பேரை யாரும் நினைப்பதில்லை. பின்னர் ஃபாப்ரிஸ் பார்த்தலொமேயும் சக ஆய்வாளர்களும், முன்பே நடந்தது போன்ற உணர்வு ஹிப்போகாம்பஸையோ அமிக்டலாவையோ தூண்டும்போது எழுவதைவிட என்டோரைனல் புறணியைத் தூண்டும்போது அதிகம் எழுகிறது என்று 2004-இல் காட்டினார்கள். அவ்வேளை அப்பகுதிகளின் அலைகள் ஒத்திசைவதைப் பிந்தைய ஆய்வில் விவரித்தார்கள். இந்த நிகழ்வும் அதனோடு பொருந்துகிறது.

ஆனாலும் ‘என்டோரைனல் புறணியில்தான் அந்த உணர்வு இருக்கிறது’ என்று எழுதினால் அது தவறு. காலையில் அதை எழுப்பிய அதே இடமும் அதே மின்னோட்டமும் பிற்பகலில் எழுப்பவில்லை. மாறியது, கூட எந்தப் பகுதிகள் சேர்ந்தன என்பது மட்டுமே. மறுபுறம், ஹிப்போகாம்பஸ் எட்டு விநாடி தனியே துடித்தும் நோயாளிக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால் ஹிப்போகாம்பஸுக்குப் பங்கில்லை என்று முடிவுகட்டுவதும் அதே அளவு தவறு. ‘அதுதான்’ என்ற ஒவ்வொரு முறையும் அது உடனிருந்தது.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. புறத்திலிருந்து வரும் மின்னோட்டம் நரம்பணுவின் உடலைவிட அதன் இழையை எளிதில் கிளர்த்துகிறது. கிளர்ந்த இழையில் துடிப்பு இரு திசையிலும் ஓடும். ஆகவே ‘அ’-வில் கொடுத்தது ‘ஆ’-வில் தெரிந்தால், வழி அ-விலிருந்து ஆ-வுக்குப் போகிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பின்னோக்கி ஓடிய துடிப்பும் அதில் கலந்திருக்கலாம். அந்த இடத்தைக் கடந்து வேறெங்கோ போகும் இழைகளும் சேர்ந்தே கிளர்கின்றன. எதிர்வினை வராததும் சான்று ஆகாது: மின்னோட்டம் போதாமல் இருந்திருக்கலாம், கேட்கத் தவறிய கேள்வியாகவும் இருக்கலாம். நாம் படம் காட்டிப் பெயர் கேட்டோம். பாடலின் மெட்டைக் கேட்கவில்லை.

மின்முனைகள் எங்கே போக வேண்டும் என்பதைச் சிகிச்சையின் தேவை மட்டுமே முடிவுசெய்தது. ஒற்றைத் துடிப்புகளில் ஒரு பகுதி ஆய்வுக்காக என்பதால் அதற்குத் தனி ஒப்புதல் பெறப்பட்டது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் திரும்பச் சொல்லப்பட்டது. ஒற்றைத் துடிப்பு அமர்வின் இறுதியில் அவர் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். அதனால் இன்சுலாவின் பின்பகுதிக்கு ஒற்றைத் துடிப்புத் தரவு இல்லை.

எடுத்த முடிவு

தூண்டலால் நோயாளியின் வழக்கமான வலிப்பே எழுந்து, அது எழுந்த பகுதி அகற்றப்பட்டால் அறுவையின் பலன் நன்றாக அமையும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அந்த வாதப்படி டெம்போரல் மடலின் முன்பகுதியை ஹிப்போகாம்பஸோடு அகற்றலாம். சொல் நினைவு என்னும் விலையை அவரிடம் ஒளிக்காமல் எடுத்துச் சொன்னபோது, “வகுப்பில் குழந்தைகளின் பெயரை மறந்துவிட்டு நிற்க முடியாது. முதலில் வேறு வழி இருக்கிறதா?” என்று கேட்டார்.

வழி இருந்தது. பொருத்தியிருந்த மின்முனைகளின் வழியாகவே வானொலி அதிர்வெண் மின்னோட்டத்தைச் செலுத்தி, அடுத்தடுத்த தொடுபுள்ளிகளுக்கு இடையில் சில மில்லிமீட்டர் அளவுள்ள திசுவை மட்டும் வெப்பத்தால் செயலிழக்கச் செய்யலாம். முழு அறுவையைவிட வலிப்பு முற்றாக நிற்கும் வாய்ப்பு இதில் குறைவு. பிறகு அறுவைக்குப் போவதற்கு இது தடையும் அல்ல. என்டோரைனல் புறணி, அமிக்டலா, டெம்போரல் முனை, ஹிப்போகாம்பஸின் முன்நுனி ஆகியவற்றில் தேர்ந்த இணைகள் சுடப்பட்டன. தாமத அலை காணப்படாத ஹிப்போகாம்பஸின் பின்பகுதியும், சாவியின் பெயர் நின்றுபோன அடிப்புறமும் தொடப்படவில்லை. நோயாளி விழித்திருந்தார், ஒவ்வொரு இணைக்கும் முன்னும் பின்னும் பெயர் சொல்லச் செய்து பார்த்தோம். மின்முனைகளை எடுக்கும் முன், சுட்ட இடத்துக்கு அடுத்த தொடுபுள்ளிகளில் ஒற்றைத் துடிப்பு மறுபடி கொடுக்கப்பட்டது. ஹிப்போகாம்பஸின் கூரலை முந்தைய உயரத்தில் பாதிக்கும் கீழே இருந்தது. அடிப்புற மொழிப் பகுதியின் எதிர்வினை மாறவில்லை.

ஆறு மாதம் கழித்து வந்தபோது சுயநினைவு தப்பும் வலிப்பு எதுவும் வந்திருக்கவில்லை. சொல் நினைவு மதிப்பெண் பழைய அளவிலேயே இருந்தது. மருந்து குறைக்கப்படவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த குறிப்பேட்டில் இரண்டு தேதிகளுக்கு எதிரே மட்டும் எழுதியிருந்தார்: இரண்டும் மாலை வேளை, இரண்டும் சில விநாடிகள், இரண்டிலும் ‘அது மாதிரி’.